என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாசகி கேட்டிருந்த கேள்வியைப் பற்றி எழுதுகிறேன். புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுக்கப் போகிறார்கள், அதோடு சேர்த்து சிலிகான் இம்பிளான்ட் (மார்பு வடிவத்துக்காக உள்ளே வைக்கிற செயற்கைப் பை) வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதை நெஞ்சுத் தசைக்கு மேலே வைப்பது நல்லதா, அடியில் வைப்பது நல்லதா என்று கேட்டிருந்தார். 'தசைக்கு அடியில் வைப்பதே பாதுகாப்பு' என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. நான் இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டவள். 2019-இல் அடியில், 2023-இல் மேலே. அந்த வாசகிக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரிக்கு மேலேயே இருக்கிறது.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. வயது 49. மாமியார் காலத்திலிருந்து அப்பளம் இடுவதுதான் எங்கள் வீட்டுத் தொழில். உளுந்து மாவில் உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடித்து இடித்துப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் நீளமாகத் திரட்டி, நூலால் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் பலகையில் வைத்துக் குழவியால் தேய்க்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ மணிக்கட்டு வேலை போலத் தெரியும். உண்மையில் இரண்டு உள்ளங்கையையும் குழவியில் ஊன்றி, உடம்புப் பாரத்தையே முன்னால் தள்ளுகிற வேலை அது. அந்தத் தள்ளலுக்குப் பலம் நெஞ்சுத் தசையிலிருந்து வருகிறது. இதைத் தெரிந்துகொள்ள நான் இரண்டு தடவை அறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2018 ஐப்பசியில் ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறையில் சேலை மாற்றும்போது இடது பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான், வலி கிடையாது. வலி இல்லாததால் கார்த்திகை முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்ததில் புற்று என்று வந்தது. 2019 தை மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பை எடுத்தார்கள். அக்குளில் நெறிகட்டி எதிலும் பரவவில்லை என்பதால் கரண்டு (கதிர்வீச்சு) வைக்கத் தேவையில்லை, கீமோ மட்டும் போதும் என்றார்கள். அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த இடம் அது. நான் குறை சொல்வது அவர்களுடைய கைத்திறமையை அல்ல.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு படிவம் வந்தது. முழுக்க இங்கிலீஷ். என் அண்ணனை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிஷம் பேசினார்கள். அவன் திரும்பி வந்து, "ஒண்ணும் பயப்படாதம்மா, எடுத்துட்டு உள்ளேயே ஒண்ணு வச்சிருவாகளாம், வெளியே தெரியாது" என்றான். உள்ளே என்றால் தோலுக்கு உள்ளே என்று நினைத்துக்கொண்டேன். தோலுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் இரண்டு இடம் இருக்கிறது, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் எக்ஸ்பாண்டர் என்ற வெறும் பலூனைத் தசைக்கு அடியில் வைத்தார்கள். புண் ஆறின பிறகு வாரம் ஒரு தடவை ஊசி வழியாக அதில் உப்புநீர் ஏற்றுவார்கள். தோலோடு தசையும் சேர்ந்து விரிய வேண்டும். தண்ணீர் ஏற்றின அன்றைக்கும் மறுநாளும் நெஞ்சில் இரும்புப் பட்டை போட்டு முறுக்கினது போல இருக்கும். செங்கோட்டை ரயிலில் ஊர் திரும்பும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீமோ எல்லாம் முடிந்து ஐப்பசியில் பலூனை எடுத்துவிட்டு சிலிகான் இம்பிளான்ட் வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான். ரவிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுபோல் நின்றது.

சங்கடம் 2020 ஆனியில் தொடங்கியது. கொரோனா ஊரடங்கு தளர்ந்து ஆர்டர் வர ஆரம்பித்த சமயம். பலகை முன்னால் உட்கார்ந்து குழவியை ஊன்றித் தள்ளினேன். இடது மார்பு அப்படியே மேலே ஏறி அக்குள் பக்கமாக விலகியது. கையைத் தளர்த்தினால் இறங்கியது. தள்ளினால் மறுபடியும் ஏறியது. எதிரே உட்கார்ந்திருந்த மைனி குழவியைக் கீழே வைத்துவிட்டு, "ஏளா, சேலைக்குள்ள என்னமோ துள்ளுதே, என்னது?" என்றாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் வீட்டு ஆட்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் அப்பளம் இட்டேன். ஒரு நாள் வேலையில் பாதிதான் ஓடும். சாயங்காலம் ஆனால் நெஞ்செலும்பு ஓரமாக இழுத்துப் பிடித்த வலி. உலக்கையைத் தொடவே முடியவில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று எனக்குத் தெரிந்தது 2022 ஆவணியில்தான். மகள் நர்சிங் படிக்கிறாள், அவள்தான் வற்புறுத்தி வேறொரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பார்க்கீங்க?" என்பது. மூன்றரை வருஷ வைத்தியத்தில் அந்தக் கேள்வியை அதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை.

அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நெஞ்சுத் தசை ஒரு விசிறி. விரிந்த பக்கம் காரை எலும்பிலும் நெஞ்செலும்பிலும் விலாவிலும் ஒட்டியிருக்கும். குவிந்த பக்கம் மேற்கை எலும்பில் போய்ச் சேரும். கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவருவதும், முன்னால் எதையாவது அமுக்கித் தள்ளுவதும் அதன் வேலை. இம்பிளான்டை அடியில் வைப்பதென்றால் விசிறியின் கீழ்ப்பக்க ஒட்டுதலை விலாவிலிருந்து விடுவித்துத் தூக்கி, அந்தப் பள்ளத்தில் வைக்க வேண்டும். ஆறும்போது அந்தத் தசை மேலே இருக்கிற தோலோடும் அடியில் இம்பிளான்டைச் சுற்றி உடம்பு கட்டுகிற உறையோடும் ஒட்டிக்கொள்கிறது. தசை சுருங்குகிற ஒவ்வொரு தடவையும் எல்லாம் சேர்ந்து நகர்கிறது. இடுப்பில் இரண்டு கையையும் வைத்து அமுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் நடக்கிறதெல்லாம் அவர் கண்முன்னால் நடந்தது. "இது உங்க தப்பும் இல்ல, தையல் தப்பும் இல்ல. வச்ச இடம் அப்படி" என்றார். அதைக் கேட்டபோதுதான் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதுவரைக்கும் நான் சீக்கிரம் வேலைக்கு உட்கார்ந்ததால் கெட்டுப்போயிற்று என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அடியில் வைக்கிற வழக்கம் ஏன் வந்தது? மகள் படித்துச் சொன்னது இது. 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு டாக்டர்கள் முதன்முதலாக சிலிகான் ஜெல் இம்பிளான்ட் வைத்தார்கள். ஆரம்ப காலத்தில் தசைக்கு மேலேதான் வைத்தார்கள். உடம்பு எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் ஒரு தழும்பு உறையைக் கட்டும். அந்த உறை சிலருக்கு இறுகி, மார்பு கல் போல ஆகிவிடும். மார்பை முழுக்க எடுத்தவர்களுக்கு மிஞ்சுகிற தோலும் மெல்லிசு. அதற்கு நேர் கீழே இம்பிளான்ட் இருந்தால் விளிம்பு தெரியும், தோல் செத்துப்போனால் இம்பிளான்டே வெளியே வந்துவிடும். அதனால் தசையைப் போர்வை போல மூடினார்கள். பல வருஷம் அதுவே விதி போல இருந்தது. கடந்த பத்துப் பதினைந்து வருஷமாகத்தான், இம்பிளான்டைச் சுற்றித் தாங்கிப் பிடிக்கிற வலை, பதப்படுத்திய தோல் சவ்வு இவற்றோடு வயிற்றுக் கொழுப்பை எடுத்துத் தோலுக்கு அடியில் ஏற்றுகிற முறையும் பழக்கத்துக்கு வந்து, மேலே வைப்பது மறுபடியும் பெருகியிருக்கிறது.

ஆக, உங்கள் பக்கத்தில் வந்த பதில் பொய் இல்லை. சிலருக்கு அதுவே சரியான பதில். எல்லாருக்குமான பதிலாக அதைப் போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2023 மாசியில் எனக்கு இரண்டாவது தடவை செய்தார்கள். பழைய இம்பிளான்டை எடுத்து, தூக்கிவிட்ட தசையை இறக்கி மறுபடியும் நெஞ்சுக்கூட்டோடு தைத்து, புது இம்பிளான்டை வலை சுற்றித் தசைக்கு மேலே வைத்தார்கள். இரண்டு வாரம் உள்ளே ஊறுகிற நீர் வடிய டிரெயின் குழாயும் பாட்டிலும் இடுப்பில் தொங்கின. வலி முதல் தடவையை விடக் குறைவு. வைகாசியில் பலகை முன்னால் உட்கார்ந்தேன். குழவியைத் தள்ளினேன். மார்பு இருந்த இடத்தில் இருந்தது. மைனி ஒன்றும் பேசவில்லை, என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு அவள் பங்கு மாவை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை மறைத்தால் நானும் ஒரு வரிப் பதில் சொன்னவள் ஆகிவிடுவேன். குனிந்தால் மேல் பக்கத்தில் தோலில் நெளிவு நெளிவாகத் தெரிகிறது, வெயிலில் காய்ந்த அப்பளத்தின் ஓரம் போல. தொட்டால் விளிம்பு கைக்குத் தட்டுப்படும். மார்கழியில் ஆற்றில் முங்கி எழுந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு மணி நேரம் வரைக்கும் சில்லென்றே இருக்கும், மேலே மூட சூடான தசை இல்லை அல்லவா. போன வருஷம் வயிற்றிலிருந்து கொழுப்பு எடுத்து அந்த நெளிவில் ஏற்றினார்கள். அதில் ஒரு பங்கை உடம்பே கரைத்துக்கொள்ளும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அப்படியே ஆயிற்று. இத்தனை செலவுக்கும் வளையல் இரண்டு போயிற்று. ஆனாலும் எனக்கு இதுவே சரி. நான் நாள் முழுக்கக் குனிந்து தள்ளுகிறவள். ரவிக்கைக்குள்ளே இருக்கிற நெளிவு என் வேலையைத் தடுக்கவில்லை.

அம்பாசமுத்திரத்தில் இருக்கிற என் சித்தி மகளுக்கு இதே நோய். பள்ளிக்கூடத்து டீச்சர். ஆள் நல்ல ஒல்லி, கிள்ளினால் தோல்தான் வரும், கொழுப்பே கிடையாது. அவளுக்கும் மேலே வைக்கத்தான் யோசித்தார்கள். ஆப்பரேஷன் தியேட்டரில் மார்பை எடுத்த பிறகு தோலில் ரத்த ஓட்டம் போதவில்லை என்று பார்த்து அடியில் வைத்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் அசையும். கரும்பலகையில் எழுதுகிற கைக்கு அது பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை. மேல் பக்கம் எனக்கு இருப்பதை விட அவளுக்கு வழவழப்பாக, இயல்பாக இருக்கிறது. அவள் நிம்மதியாக இருக்கிறாள். அவளுக்கு நடந்ததில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: "மேலே வைக்கப் பார்ப்போம், தோல் சரியில்லையென்றால் அடியில் வைப்போம், அதற்கு இன்ன இன்ன சிரமம் வரும்" என்று பத்து நாளைக்கு முன்னாலேயே அவளிடம், தமிழில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். கடைசி முடிவு மேசையில் எடுக்க வேண்டியதாக இருந்தாலும் அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

என் பெரியம்மா மார்பை எடுத்த பிறகு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பஞ்சு வைத்துத் தைத்த உள்பாடி போட்டுக்கொண்டு எழுபது வயதிலும் தன் வேலையைத் தானே பார்க்கிறார்கள். அதுவும் ஒரு முடிவுதான், அதையும் ஒரு வழியாகச் சொல்ல வேண்டும். கரண்டு வைக்க வேண்டியவர்களுக்குக் கணக்கே மாறும். கரண்டு பட்ட இடத்தில் தழும்பு உறை இறுகுவது கூடுதல், மேலே வைத்தாலும் அடியில் வைத்தாலும். அதனால் அவர்களுக்கு வயிற்றுச் சதையோ முதுகுச் சதையோ எடுத்து மார்பு செய்வதைப் பற்றியும் டாக்டர்கள் பேசுவார்கள். அதைக் கேட்காமல் மேலா கீழா என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, சம்மதம் என்பதைப் பற்றி மகள் ஒரு தீர்ப்பைப் படித்துக் காட்டினாள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, வயது வந்து சுயநினைவோடு முடிவு எடுக்கக்கூடிய ஒருவருக்காக அம்மா சம்மதம் சொன்னது செல்லாது என்றது நீதிமன்றம். என்ன செய்யப் போகிறோம், ஏன், வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்று நோயாளியிடமே சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். இதைக் கேட்டபோது அந்த வராந்தாவும் அண்ணனும் எட்டரை மணியும்தான் ஞாபகம் வந்தன. அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தனக்குத் தெரிந்ததை வைத்து என்னைத் தைரியப்படுத்தினான். அவனிடம் சொன்னதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2021 அக்டோபரிலிருந்து உணவு மருந்து நிர்வாகம் ஒரு கட்டாயம் கொண்டுவந்திருக்கிறது. இம்பிளான்ட் வைக்கும் முன்பு அதன் ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் எழுதின ஒரு பட்டியலை டாக்டர் நோயாளியோடு சேர்ந்து பார்க்க வேண்டும், நோயாளி படித்துப் புரிந்துகொண்டதாக ஒப்பமிட வாய்ப்பு கொடுக்க வேண்டும். இம்பிளான்ட் ஆயுசுக்கும் நிற்கிற பொருள் இல்லை என்பதும் அதில் இருக்கிறது. வைத்து ஐந்து ஆறு வருஷத்தில் ஒரு தடவையும், அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து உள்ளே கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் சிலிகான் கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். இதில் ஒன்றுகூட 2019-இல் எனக்குத் தெரியாது. என் இம்பிளான்டின் கம்பெனி, வகை, நம்பர் போட்ட அட்டையே 2022-இல் நான் போய்க் கேட்ட பிறகுதான் கிடைத்தது. 2019 ஜூலையில் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒரு வகையை அரிதான ஒரு புற்றோடு தொடர்பு இருந்ததால் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அட்டை கைக்கு வந்த அன்றைக்கு மகள் முதலில் தேடியது அதைத்தான். எனக்கு வைத்தது வழவழப்பு வகை. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை எத்தனை நாள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாளோ, என்னிடம் சொல்லவே இல்லை.

2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக வடிவைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சைக்கு இலவசமாகத் தனிப் பிரிவு தொடங்கியபோது, ஏழைகளுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று சிலர் பேசினார்கள். அன்றைக்கு எனக்கு நோய் தெரியாது, ஆனாலும் அந்தப் பேச்சு சுருக்கென்றது. உழைக்கிற பெண்ணுக்கும் தன் உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். அவளுக்குத்தான் எங்கே வைக்கிறோம் என்பது இன்னும் முக்கியம். கல்லில் துணி துவைக்கிறவள், தண்ணீர் இறைக்கிறவள், மாவு பிசைகிறவள், பாரத்தை இரண்டு கையால் தள்ளுகிறவள், இவர்கள் எல்லாரும் அந்தத் தசையை வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பதிலை எழுதின டாக்டரிடமே கேட்டு, தமிழில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். மேலே வைத்தால் என்ன, அடியில் வைத்தால் என்ன, தோல் எப்படி இருந்தால் எது, கரண்டு வைத்தால் என்ன, வைக்காமலே விட்டால் என்ன என்று. பெண்கள் அதை வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அதை முந்தின நாள் ராத்திரி காட்டினால் பிரயோஜனம் இல்லை, ஒரு வாரமாவது முன்னால் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகிக்கு: அம்மா, உங்களுக்கு என்றைக்கு அறுவைச் சிகிச்சை என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையால் நீங்கள் செய்கிற வேலை என்ன என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வாயால் சொன்னால் புரியாது என்று தோன்றினால் செய்து காட்டுங்கள். 2022-இல் நான் மஞ்சள் பையில் பலகையையும் குழவியையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். அந்த டாக்டர் அம்மா மேசை மேலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, "தேச்சுக் காட்டுங்க" என்று சொல்லி, என் தோளையும் நெஞ்சையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

இப்படிக்கு,
அப்பளம் இடும் ஒரு வாசகி,
கல்லிடைக்குறிச்சி.

(பெயரை வெளியிட வேண்டாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊர்ப் பெயரைப் போடுங்கள்.)